வெள்ளி மாதுளையில் தங்க முத்துகள் நிற்கவில்லை, எங்கே தவறினேன்?

கேள்வி:
பட்டறை நண்பர்களுக்கு வணக்கம். பிளந்த மாதுளை வடிவில் ஒரு பதக்கம் செய்கிறேன். தோல் 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), முத்துகள் 22 காரட் தங்கம். பற்றவைத்த தடம் எங்கும் தெரியக்கூடாது என்பதால், தங்கத்தைச் சுற்றி வெள்ளியை வார்க்க நினைத்தேன். ஏழு முத்துகளை மெழுகில் பாதி புதைத்து, மறுபாதியை அச்சு மாவு (மெழுகைச் சுற்றி இறுகி அச்சாகும் சாந்து) பிடித்துக்கொள்ளும்படி விட்டேன். மெழுகை எரித்து வெளியேற்றி, வெள்ளியை ஊற்றினேன்.

அச்சை உடைத்தபோது அத்தனை அழகு! மெருகு போடும்போது இரண்டு முத்துகள் கையோடு வந்துவிட்டன. அவை இருந்த குழி கறுத்துக் கிடக்கிறது. இன்னொன்று விழவில்லை, ஆனால் ஓரம் வெளிறிப் பச்சை பாய்ந்திருக்கிறது. ஒரே பழத்தில் இரண்டு கோளாறு எப்படி வந்தது?

பதில்:
தம்பி, 22 காரட்டில் 91.6 விழுக்காடுதான் தங்கம். மீதியில் இருக்கும் செம்பு, சூளையில் 700 டிகிரியில் மணிக்கணக்கில் கிடந்தால் கருந்தோலாக மேலே படியும். அதைத் தாண்டி வெள்ளி ஒட்டாது. பற்றவைக்கும்போது பூசும் வெண்காரம் (போராக்ஸ்) இந்தக் கருந்தோல் படியாமல் காப்பாற்றும். மூடிய அச்சுக்குள் அதை நம்ப முடியாது.

எனவே ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், கோத்துவிடுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் பின்னால் ஒரு காம்பு விட்டு, அதில் குறுக்கே ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெள்ளி துளைக்குள் ஓடி உறையும். உறையும்போது சுருங்கிக் காம்பை இறுக்கிப் பிடிக்கும்.

மற்றொரு பதில்:
பச்சைக்குக் காரணம் வேறு. சொக்கத்தங்கம் உருக 1064 டிகிரி, சுத்த வெள்ளிக்கு 962. இந்த இடைவெளியை நம்பி நானும் நல்ல தங்கத்தை இழந்திருக்கிறேன். உருகிய வெள்ளியில், தன் உருகுநிலைக்குக் கீழேயே தங்கம் கரையத் தொடங்கிவிடும். வெள்ளி கலந்த தங்கம் பச்சைச் சாயல் கொள்ளும். அந்த முத்து வார்ப்பு வாய்க்கு, அதாவது உருகிய வெள்ளி அச்சுக்குள் நுழையும் வழிக்கு, நேர் எதிரே இருந்ததா?

கேட்டவர்:
ஆம் ஐயா, நேர் எதிரேதான்! காம்பை மட்டும் சொக்கத்தங்கத்தில் செய்தால் கறுக்காது அல்லவா?

முதலில் பதில் சொன்னவர்:
கறுக்காது. ஆனால் மிருதுவானது, அதனால் தடிமனாக விடுங்கள். வாயைத் தோலின் பருத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். வெள்ளியைத் தேவைக்கு மேல் காய்ச்சாதீர்கள். கெட்ட பழத்தைப் பழைய வெள்ளியோடு உருக்கிவிட வேண்டாம். நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைத்துவிடும், முத்துகள் அடியில் தங்கும்.