400 வெள்ளிக்குள் செயலியும் மதர்போர்டும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியில் இன்டெல் கோர் ஐ5-7400 செயலி, பி250 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஆகியவை உள்ளன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ நிறுவ முயன்றாலோ செயலி ஏற்கத்தக்கதல்ல என்ற செய்தி வருகிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் இதில்தான் நிரல் எழுதுகிறாள், காணொளியும் தொகுக்கிறாள். சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் ஒரு கடைக்காரர் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 செயலியை பி450 போர்டுடன் வாங்கச் சொன்னார். அல்லது பழைய போர்டிலேயே பொருந்தும் ஐ7-7700 செயலியைப் பழைய பொருள்கள் விற்கும் கரோசெல் தளத்தில் வாங்கிப் போடலாமா? 400 வெள்ளிக்கு மேல் இயலாது.

பிடோக்காரர்:
ஐ7-7700 வேண்டாம் ஐயா. அதுவும் ஏழாம் தலைமுறைதான் என்பதால், பணம் கொடுத்த பிறகும் விண்டோஸ் 11 சிக்கல் அப்படியே இருக்கும். விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறைச் செயலிகளின் சாக்கெட்டுக்கும் (போர்டில் செயலி பொருந்தும் இடம்) 1151 என்றே பெயர் என்றாலும், அவற்றுக்கு 300 வரிசை போர்டு வேண்டும், பி250 உதவாது.

ரைசன் 5 5600 நல்ல செயலிதான், ஆனால் அதனுள் கிராபிக்ஸ் இல்லை. உங்களிடம் தனி கார்டு இல்லாததால், போர்டின் எச்டிஎம்ஐ துளையில் திரையை இணைத்தாலும் படம் வராது. கடைக்காரர் இதைக் கேட்டறிந்திருக்க வேண்டும்.

என் தேர்வு ஐ5-12400. ஆறு கோர் (கணக்கிடும் பகுதிகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைகள்). உங்களுடையதில் நான்கு கோர், நான்கு திரெட் மட்டுமே. உள்ளிருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் காணொளித் தொகுப்பிலும் கைகொடுக்கும். பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ளதை வாங்கிவிடாதீர்கள், அதில் கிராபிக்ஸ் கிடையாது. போர்டுக்கு எச்610 போதும். அதில் டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகை விற்பதால், டிடிஆர்4 வகையையே கேட்டு வாங்கினால் இப்போதுள்ள ரேமை அப்படியே மாற்றிப் பொருத்தலாம். தொகை இடித்தால் அதே போர்டில் ஐ3-12100 போடுங்கள்.

ஜூரோங் தம்பி:
அண்ணன் சொல்வதில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஐ5-12400 பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெலின் 14-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால் பின்னாளில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிடோக்காரர்:
உண்மைதான் தம்பி. ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். கையிலுள்ள 16 ஜிபியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கினால் இந்தத் தொகை தாங்காது.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. பழைய விசிறியைப் பயன்படுத்தலாமா? போர்டைப் பயன்படுத்தியதாக வாங்கலாமா?

பிடோக்காரர்:
பழைய விசிறியின் திருகுத் துளைகள் எல்ஜிஏ1700 போர்டில் பொருந்தாது. விசிறியுடன் பெட்டியில் வரும் செயலியையே வாங்குங்கள். போர்டைப் புதிதாக வாங்குவதே நல்லது. பழையதுதான் என்றால், பணம் கொடுக்குமுன் சாக்கெட் மூடியைத் திறந்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்: ஊசிகள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும், ஏதேனும் ஓர் இடத்தில் ஒளி மாறித் தெரிந்தால் அங்கே ஊசி வளைந்திருக்கிறது, அதை வாங்காதீர்கள். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு பிணைந்தது என்பதால், புதிய உரிமத்துக்கும் 400 வெள்ளிக்குள்ளேயே இடம் விட்டுக்கொள்ளுங்கள்.