ஜேட் செடி இலை தொங்குது, தண்ணி ஊத்தணுமா நிறுத்தணுமா?

மன்னார்குடி
எட்டு இன்ச் பிளாஸ்டிக் தொட்டியில ஜேட் செடி, தடிச்ச இலையில தண்ணி சேத்து வைக்குமே அது. வயல் மண்ணும் தொழு உரமும் சரிபாதி. ஐப்பசி அடைமழைக்கு அப்புறம் இலையெல்லாம் சுருங்கித் தொங்குது. கிளையை லேசாத் தட்டினாலே நாலு இலை உதிருது. தாகமோன்னு தினம் ஒரு டம்ளர் ஊத்தினா இன்னும் துவளுது. என்ன மருந்து அடிக்கலாம்?

கும்பகோணம்
மருந்து இருக்கட்டும் சார், மொதல்ல தண்ணியை நிறுத்துங்க. தென்னை விளக்குமாத்துல ஒரு ஈர்க்குச்சி உருவி, தண்டுலேர்ந்து ரெண்டு விரக்கடை தள்ளி, தொட்டி அடியைத் தொடுற வரைக்கும் செருகுங்க. பத்து நிமிஷம் கழிச்சு உருவிப் பாருங்க. மேல் மண்ணு பொரிபொரின்னு காஞ்சிருக்கும், அதை நம்பாதீங்க. குச்சியோட கீழ்ப்பாதி கறுத்து மண் அப்பிக்கிட்டு வந்தா உள்ளே சேறு.

மண்ணு ஈரமா இருந்தும் இலை சுருங்குதுன்னா பெரும்பாலும் வேர் செத்துப்போச்சுன்னு அர்த்தம். காத்து இல்லாத ஈரத்துல பித்தியம், ஃபைட்டோப்தோரா மாதிரி அழுகல் கிருமிகள் வேரைத் தின்னுடும். வேர் இல்லாத செடி இலையில சேத்து வெச்ச தண்ணியைத்தான் செலவழிக்கும். அதனால பாக்குறதுக்கு அப்படியே தாகம் மாதிரி இருக்கும். நம்ம பக்கம் பாதிச் செடி சாகுறது இந்த ஏமாத்துல தான்.

நிஜத் தாகம்னா தொட்டி தூக்கும்போது லேசா இருக்கும், தண்டு கெட்டியா இருக்கும். இலை ஒடியாம ரப்பர் மாதிரி வளையும். அடித்துளையில வடியுற வரைக்கும் ஒரு தடவை ஊத்தினா ரெண்டு மூணு நாள்ல உப்பிடும். அழுகல்னா கீழ் இலை மஞ்சளாகி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், நசுக்கினா தண்ணி வரும். மண்ணை ஒட்டின தண்டை அமுக்கிப் பாருங்க. விரல் உள்ளே போச்சுன்னா இன்னிக்கே பிடுங்கிடணும்.

திருவாரூர்
தம்பி, பிடுங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. செடியை இழுக்காதீர்கள். தொட்டியைப் படுக்க வைத்துச் சுற்றிலும் தட்டினால் மண்கட்டியோடு வரும். அந்தக் களிமண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து எடுத்துவிடலாம். எப்படியும் காயவைக்கப் போகிறோம், நனைவதால் ஒன்றும் இல்லை.

நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் உறை மாதிரி கழன்று, உள்ளே நூல் மட்டும் நிற்கும். அதையெல்லாம் வெட்டி எறியுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமியை நாமே மேலே ஏற்றிவிடுவோம்.

பிறகு செடியைப் பழைய செய்தித்தாள் மேல் நிழலில் படுக்கப் போடுங்கள். கோடையில் மூன்று நான்கு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஒரு வாரமாவது ஆகும், அதுவும் மின்விசிறிக்குக் கீழே. வெட்டுவாய் தக்கை மாதிரி காய்ந்த பிறகே நட வேண்டும். கார்பென்டாசிம் 12, மான்கோசெப் 63 சதம் கலந்து வரும் பூஞ்சைக்கொல்லித் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, காயப்போடும் முன்பு முக்கி எடுக்கலாம். ஆனால் அழுகலை வெட்டாமல் மருந்தில் மட்டும் முக்கினால் பயன் இல்லை. புதுக் கலவையில் டிரைக்கோடெர்மா சேர்க்கும் எண்ணம் இருந்தால் இந்த மருந்து வேண்டாம். கார்பென்டாசிம் அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

தஞ்சாவூர்
காப்பாற்றி மறுபடி வயல் மண்ணிலேயே வைத்தால் அடுத்த மழைக்கு இதே கதைதான். தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வண்டலில் நெல் போடுகிறோம்.

கலவை, அளவுக்கு ஒரே டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள்: உடைத்த செங்கல் 2, கழுவிய பெருமணல் 1, கருக்கிய உமி 1, மண்புழு உரம் அரை. செங்கல் துண்டு பட்டாணி அளவில் இருக்கட்டும். சலித்துத் தூளைத் தள்ளிவிட வேண்டும், அந்தத் தூள்தான் பிறகு சேறாகி இடுக்கை அடைக்கும். எம்-சாண்ட் என்றால் கலங்கல் தெளியும் வரை கழுவ வேண்டும். அரிசி ஆலையில் கிடைக்கும் உமி கறுப்பாக, உருவம் கெடாமல் இருக்க வேண்டும். வெளுத்த சாம்பலாக இருந்தால் காரம் அதிகம், தொட வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு மட்டும் போட்ட நர்சரிச் செடி என்றால் வேருக்கு நடுவில் இருக்கும் அந்த நார் உருண்டையையும் பிய்த்து எடுங்கள். வெளிக்கலவை காய்ந்தாலும் அது ஈரம் விடாது.

தொட்டி அடியில் ஜல்லி பரப்பும் பழக்கத்தை விடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். அதாவது சேற்று மட்டம் வேருக்கு இன்னும் கிட்டே வருகிறது. துளை மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு போதும். மண் தொட்டியாக, வேர்க்கட்டியை விட ஓர் அங்குலம் மட்டும் அகலமாக இருக்கட்டும். கீழே தட்டு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

மயிலாடுதுறை
தொங்குறதெல்லாம் அழுகல் இல்லீங்க. ரோஜாப்பூ அடுக்கு மாதிரி இருக்குற எச்செவேரியாச் செடியில, இலை கொழுகொழுன்னு இருந்தும் குடை கவுந்த மாதிரி கீழே மடங்கி, இலைக்கு இலை இடைவெளி விட்டு வளர்ந்தா அது வெளிச்சக் குறை. கிழக்கு வெயில்ல முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். நேரா மாடி வெயில்ல வெச்சா ஒரே நாள்ல கருகும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது, தலையை வெட்டித்தான் வைக்கணும்.

கத்திரி வெயில்ல வெயில் காய்ஞ்ச ஹோஸ் பைப்புல முதல்ல வர்ற தண்ணி வேரை அவிச்சிடும். அதை வெளியே விட்டுட்டு, பொழுது சாஞ்சதும் ஊத்துங்க.

செடியைப் பிடுங்கும்போது வேர்ல வெள்ளையாப் பஞ்சு ஒட்டியிருந்தா வேர் மாவுப்பூச்சி. எறும்பு நடமாட்டம் இருந்தா பெரும்பாலும் இதுதான். பழைய மண்ணு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. இலைமேல இருந்தா பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஒத்தி எடுங்க. வேப்பெண்ணெய் அடிச்சா எச்செவேரியா மேல இருக்குற சாம்பல் பூச்சு போயிடும், திரும்ப வராது.

நாகப்பட்டினம்
கடலோரத்துல இன்னொண்ணு: போர் தண்ணி. மண் தொட்டி வெளியே வெள்ளை பூத்து, இலை நுனி பழுப்பாகி, ஈரம் இருந்தும் சுருங்குதுன்னா உப்பு. மண்ணுல உப்பு ஏறினா நல்ல வேராலயும் தண்ணி இழுக்க முடியாது. எட்டு இன்ச் தொட்டி சுமார் 4 லிட்டர் பிடிக்கும். பிடிச்சு வெச்ச மழைத்தண்ணி 8 லிட்டராவது மெதுவா ஊத்தி வடிய விடுங்க, வெயில் அடிக்கிற நாள்ல காலையில. உள்ளே களிமண் போட்ட தொட்டியில மட்டும் இதைச் செய்யாதீங்க.

மன்னார்குடி
அக்கா, பிடுங்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே உறை கழண்டு நூல் நிக்குது, ஒரு வேர் கூட மிச்சமில்லை. தண்டை நாலு விரல் மேலே வெட்டியும் நடுவுல பழுப்பா ஒரு புள்ளி தெரியுது. இது போதுமா?

திருவாரூர்
போதாது தம்பி. அந்தப் புள்ளிதான் மேலே ஏறும் அழுகல். கடுகளவு பழுப்பு இருந்தாலும் இன்னும் அரை அங்குலம் மேலே வெட்டுங்கள், வெட்டுவாய் முழுக்க வெளிர்பச்சையாகத் தெரியும் வரை. தண்டே மிஞ்சாவிட்டால் கெட்டியான கிளை நுனிகளை மூன்று நான்கு அங்குலத்துக்கு வெட்டிக் காயவையுங்கள். உதிர்ந்த இலைகளில் அடிக்காம்பு பிய்யாமல், கெட்டியாக இருப்பவற்றையும் எடுத்து வையுங்கள், ஜேட் இலையும் வேர் விடும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த கலவையில் இரண்டு அங்குலம் செருகி, மழைச்சாரல் படாத வெளிச்சத்தில் பத்து நாள் விடுங்கள். பிறகு ஓரமாக அரை டம்ளர். அதற்கிடையில் இலை சுருங்கும், சுருங்கட்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து லேசாக இழுத்துப் பார்த்தால் பிடி கொடுக்கும். பிடித்த பிறகு முழுசாக ஊற்றலாம், அதுவும் ஈர்க்குச்சி காய்ந்து வந்தால் மட்டும். மார்கழி முடியும் வரை உரம் எதுவும் வேண்டாம்.