கல் கொட்டினார்கள், மணல் வரவில்லை

எங்கள் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே, எல்லையைத் தாண்டியதும் வரும் மீனவக் குப்பங்களில் ஒன்று. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே கரைவலை இழுப்பார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் பின்னாலேயே நடக்க வேண்டும், அதற்கு அவ்வளவு மணல் இருந்தது. இன்று கால் ஊன்றி நிற்கவே இடம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் மணலைத் தின்னும், தை தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடும் என்பார் அப்பா. அவர் சொன்னது உண்மைதான். வாடைக் காலத்தில் சில மாதம் அலை மணலைத் தெற்கே தள்ளும், மீதி மாதங்களில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதி வடக்கே நகர்த்தும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1989-ல் நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு, அந்த மணல் தெற்கேயே தேங்கிவிட்டது. அப்புறமும் கடல் தின்றது, திருப்பிக் கொடுக்கத்தான் அதனிடம் ஒன்றும் இல்லை.

நகரத்துக் கரையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்துக்கு அடுத்த குப்பத்தில் அரிப்பு பிடிக்கும், அவர்களும் கல் கேட்பார்கள், பிறகு அதற்கும் அடுத்த குப்பம். எங்கள் முறை வந்தபோது பெரியப்பா வீட்டுக் கிணற்றைச் சுற்றியிருந்த மண் மொத்தமும் போய், சிமெண்ட் உறைகள் மட்டும் தூண் மாதிரி அலைக்கு நடுவே நின்றன. வாளிக் கயிறு அதில் அப்படியே தொங்கியது. கல் கொட்டுவது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வீடு போகிற ராத்திரியில் யாராக இருந்தாலும் கல்தான் கேட்பார்கள். ஆனால் கல்லின் மேல் படகை ஏற்ற முடியாது.

2018-ல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அலை அதில் உடைந்து வேகம் குறைய, உள்பக்கம் மணல் சேர்ந்தது. அப்பாவைக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரை நடந்தார், ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

பதில்: அண்ணா, நான் ராயபுரம் பக்கம். எங்களுக்கு இது பாட்டன் காலத்துக் கதை. 1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியதிலிருந்து தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே எங்கள் கரை தேய்ந்துகொண்டே வந்தது. மெரினாவில் மணலைத் தாண்டித் தண்ணீரைத் தொட நடக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வரும். இப்போது எங்களிடம் கல் சுவரும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் இருக்கின்றன. உங்கள் பக்கம் தெற்கே தேங்கிய மணலை எடுத்து வடக்கே விடுகிறார்களா?