ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதில்: "நெகிழ்வட்டில் (பிளாப்பி டிஸ்க்) உள்ளது, வழங்க இயலாது". மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

சைதை மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 1994-ல ஒதுக்கீடான வீடு. மாசத் தவணை எல்லாம் 2001-லயே கட்டி முடிச்சுட்டார். கிரயப் பத்திரம் வாங்குறதுக்குள்ள தவறிட்டார். ரசீதுக் கட்டு 2015 டிசம்பர் வெள்ளத்துல கூழாயிடுச்சு. அதான் தவணைக் கணக்கு நகல் கேட்டு ஆர்டிஐ போட்டேன். வந்த பதில் இது:

"கோரப்படும் விவரங்கள் நெகிழ்வட்டில் உள்ளன. அதனை இயக்கும் கருவி இவ்வலுவலகத்தில் பயன்பாட்டில் இல்லாததால் வழங்க இயலாத நிலை உள்ளது எனத் தெரிவிக்கலாகிறது."

பதில் கைக்கு வந்து 18 நாள் ஆகுது. அம்மாவுக்கு 71 வயசு, அவங்க காலத்துலயே பத்திரம் முடியணும். இப்படி மறுக்க முடியுமா?

மனு எழுதுபவன்:
முடியாதுக்கா. மறுக்கணும்னா பிரிவு 8, 9-ல உள்ள காரணம் இருக்கணும். கருவி இல்லைங்கிறது அதுல கிடையாது. 2005 சட்டத்தோட பிரிவு 2(ஜே)-யைப் படிங்க, பிளாப்பின்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. 7(9)-ஐக் காட்டினாலும் பயப்படாதீங்க. கேட்ட வடிவத்தை மாத்தத்தான் அது இடம் தருது, தகவலையே மறுக்க இல்ல. 2013 செப்டம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றமும், ஒரு காலத்துல அலுவலகத்துல இருந்த தகவலை முழுசாத் தேடிப் பார்க்காம இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு.

இன்னும் 12 நாள்தான் இருக்கு. 19(1)-ன்படி அதே துறை மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்க, நம்ம ஊர்ல கட்டணம் இல்ல. 30 நாள்ல, மிஞ்சினா 45 நாள்ல முடிவு சொல்லணும். சொல்லலைன்னா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

பழைய கம்ப்யூட்டர் மெக்கானிக்:
எந்த சைஸ் பிளாப்பின்னு முதல்ல கேளுங்க. மூன்றரை அங்குலம்னா யூஎஸ்பில மாட்டுற பிளாப்பி டிரைவ் போதும். ஐந்தேகால்னா பழைய மதர்போர்டு தேடணும். யாரும் அவசரப்பட்டு டிரைவ்ல சொருகிடாம பார்த்துக்கங்க! சென்னை ஈரக் காத்துக்கு உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும். வட்டை மூடியிருக்கிற தகட்டை ஒதுக்கினா வட்டுல சாம்பல் திட்டுத் தெரியும், அதைச் சுத்தம் பண்ணாம ஓட்டினா டிரைவோட படிக்கிற தலை கீறிப் பதிவே போயிடும். முதல்ல முழு வட்டையும் நகலெடுத்துட்டு அப்புறம்தான் ஃபைலைத் தொடணும். டிபேஸ்ங்கிற பழைய தரவுத்தள ஃபைல்னா, லிப்ரே ஆபீஸ்ங்கிற இலவச மென்பொருள்லயே திறக்கும். பேர் தமிழ்ல இருந்து கிறுக்கலாத் தெரிஞ்சா பழைய எழுத்துரு, யூனிகோடுக்கு மாத்திக்கலாம்.

ஓய்வுபெற்ற உதவியாளர்:
அம்மா, நான் கணக்குப் பிரிவுல இருந்தவன். அந்தக் காலத்துல பிளாப்பியை மட்டும் நம்பி யாரும் உட்கார்ந்ததில்ல. கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கும், யார் எவ்வளவு கட்டணும், கட்டினது, பாக்கி எல்லாம் அதுல எழுதியிருக்கும், அதுக்குப் பின்னால செலான் கட்டு. மேல்முறையீடு ஒரு பக்கம் போகட்டும். அந்தப் பதிவேட்டைப் பேர் சொல்லி, வருஷம் போட்டு, நேர்ல ஆய்வு செய்யணும்னு இன்னொரு மனு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் குடுங்க.

சைதை மகள்:
ஐயா சொன்ன மாதிரியே செஞ்சேன், நேத்து ஆய்வுக்குக் கூப்பிட்டாங்க. நீளமான பச்சை அட்டைப் பதிவேடு, ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு. அப்பா பேருக்கு நேரா ஒவ்வொரு மாசமும் சிவப்பு மையில டிக். 1999 பதிவேடு மட்டும் அலமாரியில இல்ல. அந்த வருஷம் பிளாப்பியிலதான் இருக்காம். மூன்றரை அங்குலம், மொத்தம் 6. மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் தேதி வரல.

பழைய கம்ப்யூட்டர் மெக்கானிக்:
டிரைவ் என்கிட்ட இருக்கும்மா, ஓடுற நிலையில. தேதி வந்ததும் சொல்லுங்க, அதிகாரி முன்னாடியே படிச்சுக் காட்டிடலாம்.