படைக்காத பொங்கல்

நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி நம்ம ஊர் விழாதான். சந்தனக்கூடு ஊர்வலம் எங்கள் ஊரிலிருந்துதானே கிளம்பும். தர்காவின் 131 அடிப் பெரிய மனோரா என்னும் கோபுரத்தைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்று, வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் என் நாகூர் நண்பனும் நானும் போட்டி போட்டுக்கொண்டு சொல்வோம். அப்படிப்பட்ட எங்களுக்கு ஒரு டப்பா பொங்கலைப் பற்றிப் பேசப் பதினோரு வருடம் ஆனது.

ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் அம்மா அவன் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புவார். டப்பா வெறுமையாகத் திரும்பியதே இல்லை. நாலு வாழைப்பழமாவது இருக்கும். ஒரு வருடம், அவன் எதிர்வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் எங்கள் டப்பாவிலிருந்து பொங்கலை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூடியில் அப்பா பெயர் வெட்டியிருக்கும், அதனால் சந்தேகமே இல்லை. மனசு சுருக்கென்றது. இரண்டு மாதம் அவனிடம் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் சில்லடிக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன்: "ஏண்டா, எங்க வீட்டுச் சாப்பாடு ஆகாதா உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பாடு ஆகும்டா. சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடக் கூடாது. சில வீட்ல சாப்பிடுவாங்க, எங்க உம்மா அதுல கண்டிப்பு. அம்மா ஆசையா குடுக்குறாங்க, எப்படி வேணாம்னு சொல்றது?"

அம்மாவிடம் சொல்லப் பயமாகத்தான் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்சா சாப்பிடுமா அந்தப் புள்ள?" அடுத்த பொங்கலுக்கு அடுப்படியில் தனியாக ஒரு சின்னப் பானை. எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

அதன்பிறகுதான் அவன் இன்னொன்றையும் சொன்னான். நோன்புக் கஞ்சியில் கறி போடுவதற்கு முன்பே, எங்களுக்கென்று ஒரு தூக்குவாளியில் உம்மா ஊற்றி வைத்துவிடுவாராம். அம்மா சைவம் என்று அவர் எப்போதோ கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். வருடக்கணக்கில் அந்தக் கஞ்சியைக் குடித்தும் இது எங்களுக்குத் தெரியாது.

* * *

மேலே ஒருவர் எழுதிய பொங்கல் அனுபவத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் பாட்டி நினைவுக்கு வந்தார். என் கல்லூரித் தோழி பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். முதல்முறை வீட்டுக்கு வந்தபோது பாட்டி திருநீற்றுத் தட்டோடு வந்து நெற்றியில் பூசப் போனார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் பின்வாங்கவில்லை, பாட்டியின் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, நான் திருநீறு பூசிக்கிறதில்ல. ஆனா நீங்க என் தலையில கை வச்சு நல்லாயிருன்னு சொல்லுங்க" என்றாள்.

பாட்டிக்கு முகம் கொஞ்சம் வாடியது உண்மைதான். ஆனாலும் கை வைத்தார். அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து, நீங்கள் எப்படிக் கும்பிடுவீர்கள், நாங்கள் எப்படி ஜெபிப்போம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இப்போதெல்லாம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே, பாட்டி திருநீற்றுக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார்.