ஸ்ட்ரீமில் விளம்பரம் முடிவதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிடுகிறது, வழி உண்டா?

நியூ ஜெர்சியில் ஒரு ஏஎம் பேச்சு வானொலியில் டெக்னிக்கல் வேலை பார்க்கிறேன். ஏஎம்மில் போகும் விளம்பரங்களை மறைத்து, இணைய ஸ்ட்ரீமில் வேறு விளம்பரம் போடுகிறோம். பிளேஅவுட் (நிலையத்தில் ஒலிகளை வரிசையாக ஓட்டும் மென்பொருள்) அனுப்பும் ரிலே சிக்னலைப் பிடித்து, ஸ்ட்ரீமை உருவாக்கும் மென்பொருளான லிக்விட்சோப் 2.2 மாற்றிவிடும்; அதை நேயர்களுக்கு அனுப்பும் சர்வர் ஐஸ்காஸ்ட் 2.4.4.

பல நிலையங்களுக்குப் பொதுவாக வரும் சிண்டிகேட் நிகழ்ச்சிகளில் இடைவேளை கடிகாரம் போல வரும், தொல்லை இல்லை. உள்ளூர் மாலை நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்துதான் தலைவலி. தொகுப்பாளர் நினைத்த நேரத்தில் திரும்பிவிடுகிறார். ஸ்ட்ரீமில் 30 விநாடி விளம்பரம் பாதிதான் ஓடியிருக்கும். அதற்குள் ஏஎம்மில், அழைத்த நேயரின் பெயர், ஊர், கேள்வி எல்லாம் சொல்லியாகிவிடும். பாட்டு ஸ்டேஷன் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே பேசுவது யாரென்றே கடைசிவரை புரியாது.

இடைவேளை முடிந்த சிக்னல் வந்ததும் விளம்பரத்தை வெட்டிப் பார்த்தோம். விளம்பரதாரர் காசு தர மாட்டேன் என்கிறார், நியாயம்தான். கிராஸ்ஃபேட் (ஒன்றின் ஒலியைக் குறைத்தபடி மற்றதை ஏற்றுவது) போட்டால் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று. 15 விநாடி விளம்பரங்களாக மாற்றி, கடைசியில் வெட்டினாலும் பரவாயில்லாத புரோமோ வைத்தோம்; குறைந்தது, நிற்கவில்லை.

விளம்பரம் முடியும்வரை நேரலையைத் தேக்கிவைத்து, முதல் வார்த்தையிலிருந்தே ஒலிக்கவிட்டு, அந்தத் தாமதத்தை அடுத்த இடைவேளையில் கழிக்கும்படி லிக்விட்சோப்பில் யாராவது செய்திருக்கிறீர்களா, எப்படி?