லண்டனில் உடுப்பில்லாத சைக்கிள் ஊர்வலம்: நம்ம காரைக்குடிக்கு இதில் என்ன இருக்கிறது?

மேலவளவு:
மகன் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். ஜூன் மாதம், சனிக்கிழமை மதியம். பிக்காடிலி பக்கம் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் சைக்கிள். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் உடம்பில் பொட்டுத் துணி இல்லை. பேத்தி கண்ணைப் பொத்துவதா, என் கண்ணைப் பொத்துவதா என்றே தெரியவில்லை. என் வயதுக்காரர் ஒருவர் முதுகில் நீலச் சாயத்தால் 'இப்போதாவது தெரிகிறேனா?' என்று எழுதியிருந்தார். காருக்கும் பெட்ரோலுக்கும் புகைக்கும் எதிரான போராட்டம், வருஷா வருஷம் நடக்கும் என்றான் மகன். சரி, புகையை எதிர்க்க வேட்டியை ஏன் அவிழ்க்க வேண்டும்? யாராவது சொல்லுங்கள்.

செக்காலை சைக்கிள்:
ஐயா, இது 2001இலேயே ஸ்பெயினில், சரகோசா நகரத்தில் தொடங்கியது. 2004 ஜூனில் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட் முன்முயற்சியில் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்தது. முழுசாக அவிழ்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துணிந்த அளவு துறந்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கு. ஜட்டியோடும் வரலாம், கோட்டு சூட்டோடும் வரலாம்.

காரணம் எளிது. கார்க்காரரைச் சுற்றித் தகரம் இருக்கிறது, சைக்கிள்காரரைச் சுற்றித் தோல்தான். அதைத்தான் காட்டுகிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியார் சிலைப் பக்கம் சைக்கிளில் போய்ப் பாருங்கள். சட்டை பேண்ட் எல்லாம் போட்டிருந்தாலும் அம்மணமாக நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

கண்டனூர் வக்கீல்:
முதலில் சட்டம். இங்கே பொது இடத்தில் ஆபாசச் செயலுக்கு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296ஆம் பிரிவு இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் எடுக்க என்னிடம்தான் வருவீர்கள், வாருங்கள்.

சட்டத்தை விடுங்கள், எனக்கு உறுத்துவது வேறு. அதே 2004, ஜூலை 15. மணிப்பூரின் இம்பாலில் கங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு தாய்மார்கள் உடையைக் களைந்து நின்றார்கள். அசாம் ரைபிள்ஸ் படை பிடித்துப்போன மனோரமா என்ற மணிப்பூர்ப் பெண் பிணமாகக் கிடந்ததற்கு நியாயம் கேட்டு. 2017 ஏப்ரலில் நம் விவசாயிகள் டெல்லியில் பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் உடை களைந்தார்கள். கேட்பாரில்லாதவர்களின் கடைசி ஆயுதம் அது. சனிக்கிழமை உலாவுக்கு அதை எடுத்தால் ஆயுதம் மழுங்கிப்போகும்.

செக்காலை சைக்கிள்:
அண்ணே, இம்பாலையும் பிக்காடிலியையும் ஒரே தராசில் வைக்க நானும் சொல்லவில்லை. ஆனால் சட்டம் ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் உடுப்பில்லாமல் இருப்பது மட்டுமே குற்றமாகிவிடாது, பிறரை அதிர வைக்கும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இப்படி ஓட்டிப் பிடிபட்ட ஒருவரை 2008இல் நீதிபதி விடுவித்தார். அந்த ஊரில் இது ஊன்றிப்போன வழக்கம் என்பது அவர் சொன்ன காரணம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றை மட்டும் சைக்கிள் கடைக்காரனாக ஒப்புக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவைத்த ரெக்சின் சீட்டில் வேட்டியோடு உட்கார்ந்தாலே துள்ளி எழ வேண்டியிருக்கிறது. இதில் துணியில்லாமலா!

பேட்டரி தம்பி:
பெரியவர்கள் எல்லாம் பழைய கதை பேசுகிறீர்கள். மின்சார கார் வந்தால் புகையே இல்லை. மின்வேதியியல் ஆய்வகத்தை நம்ம ஊரிலேயே வைத்துக்கொண்டு சைக்கிளுக்குத் திரும்பச் சொன்னால் எப்படி?

செக்காலை சைக்கிள்:
புகை போகும் தம்பி, கார் போகாதே. முகூர்த்த நாளில் கானாடுகாத்தான் தெருவில் வரிசையாக நிற்கிற வண்டியெல்லாம் பேட்டரிக்கு மாறினால் மட்டும் நடக்க வழி கிடைத்துவிடுமா? பேட்டரி கார் மோதினாலும் எலும்பு உடையத்தான் செய்யும்.

ராயவரம் டீச்சர்:
உடுப்பு, அவிழ்ப்பு என்று ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது நான் தொண்டர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தோம். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டார்கள் என்று கணக்குச் சொல்வார்கள்.

எங்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் பார் வைத்த ஆண்கள் சைக்கிள். அதில் சேலையோடு ஏறுவது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கொசுவத்தை முன்னாலிருந்து பின்னால் இழுத்துச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கி, வலது காலைப் பாருக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். அப்போது முழங்கால் வரை தெரியும். ஊரணிக்கரை டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். 'பொம்பளைக்கு வெட்கம் போச்சு' என்றார் ஒருவர். கல்லுடைக்கப் போகிற ஒரு பெண் விழுந்தாள், சேலை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. கிழிசலோடு எழுந்து மறுபடி ஏறினாள். ஒரு மாதத்தில் பாரில் பிள்ளையும் கேரியரில் தண்ணீர்க் குடமுமாகப் போனாள். பெஞ்சுக்காரர்களுக்கும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

லண்டன்காரர்கள் தாங்களாக அவிழ்க்கிறார்கள். எங்களை ஊர்க் கண்ணே அவிழ்த்துப் பார்த்தது. அதனால் அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் இல்லை, பெரிய மரியாதையும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அந்த ரோட்டில் எத்தனை பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள் என்று யாராவது எண்ணிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கண்டனூர் வக்கீல்:
இதைத்தான் டீச்சர் நானும் சொல்கிறேன். அவர்களுடையது ஒருநாள் கூத்து.

ராயவரம் டீச்சர்:
நீங்கள் கோர்ட்டுக்கு எதில் போகிறீர்கள் வக்கீல் சார்?

கண்டனூர் வக்கீல்:
கார்தான். கறுப்புக் கோட்டோடு சைக்கிளில் போனால் கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடிக்கொள்வார். இது என் குற்றமா?

மேலவளவு:
அதுவும் ஒரு உடுப்புப் பிரச்சினைதான் போலிருக்கிறது. மதுரையில் 1921 செப்டம்பரில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இடுப்புத் துணிக்கு மாறினாரே, அப்போதும் கேலி பேசாமலா இருந்திருப்பார்கள்? மகனிடம் இதைச் சொன்னால், 'அப்பச்சி, நீங்கள் அந்தக் கட்சிக்குப் போய்விட்டீர்களா' என்பான். போகவில்லை. எனக்கு அந்த அம்மணம் இன்னும் பிடிக்கவில்லை.

ஆனால் முதுகில் இருந்த எழுத்து மறக்க மாட்டேன் என்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்திருக்கிறேன். குன்றக்குடி தாண்டி இருட்டில் போகும்போது பின்னால் லாரி வெளிச்சம் விழும். போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தி, ஒவ்வொருவர் பை மேலும் ஒளிரும் பட்டை ஒட்டிவிட்டார். எனக்கு மேலே சட்டையில்லை, பையும் முன்னால் போகிற வண்டியில். முதுகிலேயே ஒட்டினார். வியர்வையில் நிற்கவில்லை. கழன்று கழன்று விழுந்தது, பின்னால் வந்தவர் எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டே வந்தார்.

செக்காலை சைக்கிள்:
கேட்டீர்களா வக்கீலண்ணே, அந்த நீலச் சாயமும் இந்தப் பட்டையும் ஒரே வேலைதான்.

கண்டனூர் வக்கீல்:
பட்டை ஒட்டுங்கள், நானே வாங்கித் தருகிறேன். வேட்டி இடுப்பில் இருக்கட்டும்.

மேலவளவு:
செக்காலை, உங்களிடம் ஒரு வேலை. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்று சாத்திவைத்திருக்கிறது. அம்பத்தூரில் செய்த வண்டி. நம்ம பள்ளத்தூர்க்காரர்கள் கம்பெனி என்பதால் ஐயா வேறு எதையும் வாங்க மாட்டார். டயர் இற்றுப்போய்விட்டது. கிடைக்குமா?

செக்காலை சைக்கிள்:
இருபத்தெட்டு இஞ்ச்தானே? பழைய டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும், தடவிப் பார்த்துச் சொல்லுங்கள். டியூபும் சேர்த்து எடுத்து வைக்கிறேன்.